பழைய சரக்கு ஒரு மூட்டை

மனைவி பெட்டியோடு தெருவில் இறங்கியபோது, தீவனக்காரரின் ஆட்டுக்குட்டிகளும் அவளோடு கிளம்பிவிட்டன. அவள்மேல் அவற்றுக்குப் பிரியம் உண்டு என்பது உண்மைதான். அதைவிட உண்மை, அவள் புடவையில் வெந்தய வாசனை இருந்தது. பேருந்து நிறுத்தம்வரை ஒரு மந்தைக்குத் தலைமை தாங்கி நடந்தவள், அங்கே நின்றவர்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க, திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"இதுக்குத்தான் எங்கண்ணன் வீட்டுக்குப் போறேன்," என்றாள். "வீடு வீடு மாதிரி ஆனதும் வந்து கூப்பிடுங்க."

குட்டிகளை ஓட்டிக்கொண்டு தீவனக்காரர் திரும்பினார். அவை மனசில்லாமல்தான் வந்தன. அவரும் அப்படித்தான்.

ஆட்டுக்குட்டிகளுக்கு ஊட்டத் தூள் செய்து விற்பது அவர் தொழில். பூண்டு, வெந்தயம், மஞ்சள், முருங்கை இலை எல்லாவற்றையும் காயவைத்து அரைத்த தூள். தீவனத்தில் ஒரு பிடி கலந்தால் குட்டி ஆசையாகத் தின்னும், சதை பிடிக்கும், கறி மெத்தென்று இருக்கும், ஊசி மருந்து எதுவும் வேண்டாம் என்பது அவர் கட்சி. கட்சியில் தப்பில்லை, ஆடு வளர்க்கிறவர்கள் தேடி வந்து வாங்கினார்கள். தப்பெல்லாம் பூண்டிடம் இருந்தது. வெயிலில் போட்டால் அதன் சத்து போய்விடும் என்று அவர் நம்பினார். நிழலில், காற்றோட்டமாகக் காய வேண்டும். அந்த வீட்டில் உருப்படியாகச் சுற்றுகிற மின்விசிறி படுக்கையறையில்தான் இருந்தது.

கல்யாணமான நாள் முதல் அவர் மனைவி பூண்டைத் தாண்டித்தான் கட்டிலுக்குப் போனாள். பேருந்தில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். அதையும் பொறுத்தாள். போன வாரம் துணிக்கடையில் சிப்பந்தி மூக்கைப் பொத்திக்கொண்டு விலை சொன்னான். வீட்டுக்கு வந்து அழுதாள். ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டிய இடத்தில் தீவனக்காரர், "மூக்கைப் பொத்தினான்னா சீக்கிரம் அனுப்பத்தானே பார்ப்பான்? நல்லாக் குறைச்சுக் கேட்டிருக்கலாமே," என்றார்.

பெட்டி அப்போதுதான் பரணிலிருந்து இறங்கியது.

அவள் போனபின் வீடு பெரிதாகிவிட்டது. காலையில் பழக்க தோஷத்தில் இரண்டு டம்ளர் டீ போட்டார். இரண்டாவதில் அவள் போடுகிற அளவுக்குச் சர்க்கரை போட்டு, அதையும் தானே குடித்தார். டீ சகிக்கவில்லை, ஆனாலும் மறுநாளும் அப்படியே போட்டுக் குடித்தார். குட்டிகள் வாசல் கதவிடம் நின்று பேருந்து வருகிற பக்கமே பார்த்தன. அவற்றைத் திட்ட அவருக்கு யோக்கியதை இல்லை. அவரும் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார்.

வீட்டை வீடாக்கிவிடுவது என்று முடிவு செய்தார். முதலில் பினாயில் ஊற்றித் தரையெல்லாம் கழுவினார். பூண்டு போகவில்லை, பினாயிலோடு சம்பந்தம் வைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் தலையை நீட்டினார்.

"முன்ன ஒரு நாத்தம்தான் வந்துச்சு, பழகிப்போச்சு," என்றார். "இப்ப ரெண்டு வருது. எதுக்குப் பழகறதுன்னு தெரியல."

அடுத்து, பூண்டையே விட்டுவிட்டுப் புதினாவும் எலுமிச்சைத் தோலும் போட்டு ஒரு புதுத் தூள் செய்தார். படுக்கையறை கமகமத்தது. குட்டிகள் முகர்ந்து பார்த்துவிட்டு, தப்பான வீட்டுக்கு வந்துவிட்டவர்கள் மாதிரி நகர்ந்துகொண்டன. வாங்கிப்போனவர்கள் மூட்டைகளைத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒருவர், ஆடுகள் தின்னவில்லை, ஆனால் தன் மனைவி துணி அலமாரியில் ஒரு பொட்டலம் வைத்திருக்கிறாள் என்று தகவல் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த நேரத்தில்தான் மச்சான் போன் செய்தார். மனைவியின் அண்ணன், கறிக்கடைக்காரர். சிரிக்காமல் பேரம் பேசுவதில் மன்னன். கத்தி வாங்கப் போனால் சாணைக் கல்லைச் சேர்த்து வாங்கிக்கொண்டு வருகிறவர்.

"மாப்ள, உங்க தூள் ஒரு மூட்டை அனுப்புங்க," என்றார்.

தீவனக்காரருக்குக் காதை நம்ப முடியவில்லை. இத்தனை வருஷமாக அவருடைய தூளை 'ஆட்டுக்கு மசாலா' என்று கிண்டல் செய்தவர் மச்சான். அவர் கடைக்கு ஆடு வந்தால் அன்றைக்கே கறியாகிவிடும். கட்டிவைத்து வளர்க்க இடம் கிடையாது. கடைசியில் தரமான கறியின் அருமை தெரிந்து, எங்கேயோ தனியாகப் பட்டி போட்டிருக்கிறார் என்று தீவனக்காரர் கணக்குப் போட்டார். விலை சொன்னார். மச்சான் "சரி" என்றார்.

பேரம் பேசாத மச்சானைக் கண்டதுமே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தீவனக்காரருக்கோ போனில் பின்னால் கேட்ட இருமலில் மனசு போய்விட்டது. அது அவள் இருமல். பனியில் நின்றால் வருவது. "போர்வை எடுத்துட்டுப் போனாளா?" என்று கேட்க வாய் வரை வந்தது. "மூட்டையை நாளைக்கு ஏத்தி விடறேன்," என்றார்.

பழைய தூள் ஒரு மூட்டை போனது. அது போய் அதிக நாளாகவில்லை, இன்னொன்று கேட்டு மறுபடி போன். இந்த முறை புதினாத் தூளை அனுப்பினார். மச்சானுக்கு மட்டமானதைத் தள்ளிவிடும் எண்ணமில்லை. நான் திருந்திவிட்டேன் என்பது அந்த மூட்டை வழியாக அவள் மூக்குக்காவது எட்டட்டும் என்ற ஆசைதான்.

சாயங்காலமே போன் வந்தது.

"இது ஆகாது மாப்ள. பழைய சரக்குதான் வேணும்."

"ஏன் மச்சான், தொடலையா?"

"தூக்கித் தெருவுல எறிஞ்சாச்சு. பழசு இருந்தா அனுப்புங்க, இல்லாட்டி பேச்சை விடுங்க."

தெருவில் எறிகிற அளவுக்கா என்று தீவனக்காரருக்கு ரோஷம் வந்தது. ரோஷம் தணிந்ததும், துக்கம் வந்தது. பூண்டு இருந்தால் அவள் இல்லை. பூண்டு இல்லாவிட்டால் தொழில் இல்லை. வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். இரண்டு தட்டிலும் வைத்துப் பார்க்காமல் எதையும் கொடுத்ததில்லை. இந்த முறை நிறுத்துப் பார்க்கவே இல்லை. அரைவை இயந்திரத்தையும், மிச்சமிருந்த பழைய தூளையும், குட்டிகளையும் சேர்த்து, கேட்ட விலைக்கே ஒரு பண்ணைக்காரருக்குத் தள்ளிவிட்டார். சுவருக்கு வெள்ளையடித்தார். மெத்தை, தலையணையைப் புதிதாக வாங்கினார். எலுமிச்சை தேய்த்துக் குளித்தார். அதற்குமேல் சந்தன சோப்பு, அதற்குமேல் அத்தர். புதுச் சட்டை போட்டுக்கொண்டு பேருந்து ஏறினார். பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர் தாமாகவே வந்து உட்கார்ந்தார். தீவனக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது.

மச்சான் வீட்டு வாசலில் மச்சானின் மனைவி முறம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளேயிருந்து தீவனக்காரரின் மனைவி வந்தாள். மெலிந்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கருப்பாக இருந்தது. ஓடிவருகிற மாதிரி வந்தவள், ஓர் அடி தள்ளி நின்று மெல்ல மூச்சை இழுத்தாள்.

"எல்லாம் போயாச்சு," என்றார் அவர். "மிஷினு, பூண்டு, பழைய மெத்தை எல்லாம். ஒரு பிடி தூள்கூட இல்ல. இப்ப வீடு வீடு மாதிரி இருக்கு. வா, போகலாம்."

அவள் முகம் விழுந்துவிட்டது. இன்னொரு முறை மோந்து பார்த்தாள். யாரோ அந்நியரைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

தீவனக்காரர் தன் சட்டையை முகர்ந்தார். கையை முகர்ந்தார். "இன்னுமா வருது?" என்று மச்சானின் மனைவியிடம் பரிதாபமாகக் கேட்டார்.

அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"வரலைன்னுதான் அழறா தம்பி. நீங்க அனுப்பின மூட்டையை இங்க எந்த ஆடு தின்னுச்சு? வாசம் குறையாத மூட்டையைத் தலைமாட்டுல வச்சாத்தான் உங்க பொண்டாட்டிக்குத் தூக்கமே வருது."