எம். ஹூக்ஸ்ட்ராவுக்கு மாற்றல்

மகளை ஊரைவிட்டு அனுப்புவதில்லை என்று கெரிட் ஹூக்ஸ்ட்ரா காலை ஏழரை மணிக்கு முடிவு கட்டினார். மிச்சிகனில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவரின் முடிவு. திருகாணி போட்டு முடுக்கியாகிவிட்டது.

முடுக்கக் காரணம் தபால்பெட்டியில் கிடந்த தடித்த உறை. மேலே 'எம். ஹூக்ஸ்ட்ரா' என்று பெயர். எம் என்றால் மேரன், வேறு யார்? இருபது வயது, உள்ளூர்க் கல்லூரியில் இரண்டாம் வருடம், வீட்டிலிருந்தே போய் வருகிறாள். சனிக்கிழமை ஃபுட்பால் பார்க்கும்போது அவரோடு சேர்ந்து கத்துவதற்கு இந்த உலகத்தில் இருப்பது அவள் ஒருத்திதான்.

கெட்டில் ஆவியில் காட்டி உறையைப் பிரித்தார். அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பது குற்றம்தான். பெற்ற அப்பன் அடுத்தவனா? உள்ளே இடம் கிடைத்த சேதி. மூன்று மணி நேர தூரத்துப் பெரிய பல்கலைக்கழகத்தில் வணிகப் படிப்பு. நூறு பேர் மனுப் போட்டால் எட்டுப் பேருக்குத்தான் இடமாம். மாற்றலாகி வந்து நேரே மூன்றாம் வருடத்தில் சேரலாமாம். போயும் போயும் ஃபுட்பாலில் அவருடைய டீமின் ஜென்ம எதிரிப் பல்கலைக்கழகம்.

போகாதே என்றால் மேரன் நாளைக்கே பெட்டி கட்டுவாள். போ போ என்று விரட்டினால் அழுத்தமாக உட்கார்ந்துகொள்வாள். பன்னிரண்டு வயதிலிருந்தே அப்படி. விரட்டிவிடுவது என்று தீர்மானித்து, உறையைக் கடைப் பசையால் ஒட்டித் தபால்பெட்டியிலேயே போட்டார்.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் தொண்டையைக் கனைத்தார்.

"பொதுவாச் சொல்றேன். இந்த வீட்ல யாருக்காவது பெரிய யூனிவர்சிட்டில இடம் கிடைச்சா, போயே தீரணும்."

மேரன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா மார்லிஸ் உருளைக்கிழங்கைப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"யாருக்குங்க?"

"யாரா இருந்தா என்ன? பொதுவா."

"மூணு மணி நேர தூரம்னா?"

"முப்பது மணி நேரம்னாலும் போகணும்."

மூணு மணி நேரம் என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்று மனுஷன் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

"எனக்கென்னவோ வேண்டாம்னுதான் படுதுங்க. வீட்ல ஒரு கை குறையுமே."

இருபத்திநாலு வருடத் தாம்பத்தியத்தில் மார்லிஸ் வேண்டாம் என்றதை கெரிட் செய்யாமல் விட்டதே இல்லை.

"நான் பாத்துக்கறேன்."

"துணி?"

"துவைப்பேன்."

"சமையல்?"

"எனக்கு முட்டை பொரிக்கத் தெரியாதா?"

"தெரியாதுங்க."

"கத்துக்கறேன். படிப்புக்குக் குறுக்க நிக்கிறவன் மனுஷனே இல்லை."

"நாளைக்குப் பேச்சு மாறிடுவீங்க."

"எழுதியே தரேன்."

சொல்லி வாய் மூடுவதற்குள் மேஜையில் பேனாவும் காகிதமும் வந்துவிட்டன. துணி, சமையல், பாத்திரம், குப்பை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். போட்டுக்கொண்டே மகளை ஓரக்கண்ணால் பார்த்தார். இந்நேரம் முகம் சிவந்திருக்க வேண்டும். அவள் இன்னொரு உருளைக்கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

"மேரன், உனக்குக் கோபம் வரலையா? உன்னை விரட்டறேனே?"

"என்னை எங்கப்பா விரட்டறீங்க? நான் எங்கேயும் மனுவே போடலையே."

மார்லிஸ் ஏப்ரன் பையிலிருந்து அந்த உறையை எடுத்து மேஜையில் வைத்தாள்.

"என்னுதுங்க."

எம் என்றால் மார்லிஸும்தான். கெரிட் உறையின் மேலிருந்த பெயரை மறுபடி படித்தார். செவ்வாய், வியாழன் சாயங்காலங்களில் அவள் மாவட்டக் கல்லூரிக்குப் போவது அவருக்குத் தெரியும். மண்பாண்டம் செய்யக் கற்றுக்கொள்கிறாள் என்று நினைத்திருந்தார்.

"ரெண்டு வருஷமாப் போறேன். ஒரு சட்டியாவது வீட்டுக்கு வந்துச்சா? ஒரு நாளாவது என்ன படிக்கறேன்னு கேட்டீங்களா?"

"அது... நான் பிரிச்சது உனக்கு எப்படித் தெரி..."

"மரப்பசையில ஒட்டியிருந்துச்சு. இந்தத் தெருவுல யாரு தபாலை அப்படி ஒட்டுவாங்க? உளி வெச்சுத்தான் திறந்தேன்."

மகள் வீட்டில்தான் இருக்கப் போகிறாள். அவர் நினைத்தது அப்படியே நடந்துவிட்டது. ஆனால் இந்த மேஜையில் மார்லிஸ் இல்லாத ஒரு சாயங்காலத்தை அவர் இதுவரை நினைத்துப் பார்த்ததுகூட இல்லை. அவளுக்கு மாற்றல். அவருக்கு ஏமாற்றல்.

"நான் இல்லாம உன்னால இருக்க முடியுமா, மார்லிஸ்?"

"வெள்ளிக்கிழமை ஆனா வந்துடுவேன்." அவள் அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள். "எனக்கும் பயமாத்தாங்க இருக்கு. நீங்க ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருந்தா எனக்குப் போக மனசே வந்திருக்காது. அதான் முந்திக்கிட்டு நானே வேண்டாம்னு சொல்லிட்டேன்."