சாக்பீஸ் எழுதிய இருபத்தொன்பது

சேலம் ஜில்லாவில் இதுவரை பிறந்த மனிதர்களிலேயே, நினைத்த மாத்திரத்தில் என்னைப் பல்லைக் கடிக்க வைக்கிறவன் ஒருவன்தான். அவன் சாக்பீஸ். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்கள் ஹாஸ்டலில் யாரும் அதைக் கேட்டதில்லை. சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு. அந்தப் பக்கத்து நெஞ்சு மட்டும் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும்.

எண்பதுகளின் தொடக்கம். கல்லூரிக்கு செமஸ்டர் முறை வந்த புதிது. ஒரு பேப்பருக்கு நூறு மார்க் என்றால் இருபத்தைந்தை வாத்தியார்கள் உள்ளேயே போடுவார்கள். மீதி எழுபத்தைந்து கடைசிப் பரீட்சைக்கு. அந்த இருபத்தைந்திலும் டெஸ்டுக்குப் பதினைந்து, அசைன்மெண்டுக்கு ஐந்து, வருகைக்கு ஐந்து. டெஸ்டில் ஐம்பதுக்கு இருபது வாங்கினால் அது ஆறாகச் சுருங்கிவிடும். எங்களுக்குத் தலை சுற்றியது. சாக்பீஸுக்கு வாழ்வு வந்தது.

உள்மார்க் ஒட்டிய அன்றைக்கே அறை அறையாகப் போவான். கடைசிப் பரீட்சையில் யார் எத்தனை வாங்கினால் பாஸ் என்று கணக்குப் போட்டு, அவரவர் கதவில் எழுதுவான். எழுதியதோடு விட்டானா? அதற்கு மேல் படித்தால் சண்டைக்கு வருவான்.

"முப்பத்தொண்ணு போதும்னு கதவுலயே எழுதியிருக்குதில்ல? எச்சா எதுக்குடா படிக்கிற? வேஸ்ட்டு!" என்று புத்தகத்தைப் பிடுங்குவான்.

ஒருமுறை கணக்கு வாத்தியார் அவனுக்கு அசைன்மெண்டில் ஐந்துக்கு ஐந்து போட்டுவிட்டார். நேராகப் போய், "எனக்கு நாலு போதுங்க சார். ஒண்ண வேற யாருக்காச்சும் போட்டுடுங்க" என்றான். அவர் கோபத்தில் மூன்றாக்கிவிட்டார். சாக்பீஸ் ஹாஸ்டலுக்கு வந்து தன் கதவில் இருந்த எண்ணை அழித்து, இரண்டு கூட்டி எழுதினான். முகத்தில் துளி வருத்தமில்லை.

என் கதைக்கு வருகிறேன், வயிறு எரிகிறது. எனக்கு எருமப்பட்டிப் பக்கம். இந்த முறை கணக்கில் தேறாவிட்டால் படிப்பு போதும், திருச்செங்கோட்டு மாமாவின் போர்வெல் ரிக் வண்டியில் ஏறிவிடு என்று அப்பா சொல்லியிருந்தார். ஏறினால் வடக்கே எங்கேயோ காடுகாடாக போர் போட்டுக்கொண்டு திரிய வேண்டும்.

எனக்கு டெஸ்டில் ஆறு, அசைன்மெண்டில் மூன்று, வருகையில் இரண்டு. ஆகப் பதினொன்று. பாஸுக்கு நாற்பது. சாக்பீஸ் என் கதவில் 29 என்று எழுதினான்.

"அஞ்சு யூனிட்டு, யூனிட்டுக்குப் பதினஞ்சு. ரெண்ட உருப்போட்டீன்னா முப்பது. உன்ற கையெழுத்துக்கு ஒண்ணு போயிரும். செரியா இருபத்தொம்பது."

மீதி மூன்று யூனிட் நோட்டுகளைச் சணல் கயிற்றால் கட்டித் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். நான் வகுப்புக்குப் போவதையும் முந்தின மாதமே நிறுத்திவிட்டிருந்தான். வருகையில் மூன்றாவது மார்க்குக்கு இன்னும் இருபது நாள் போக வேண்டுமாம், கட்டுப்படியாகாதாம். இதையெல்லாம் கேட்டு நடந்தேனே, என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ரிசல்ட் வந்தது. உள்ளே பதினொன்று, வெளியே இருபத்தொன்பது, மொத்தம் நாற்பது. சாக்பீஸ் குதித்தான். "பாத்தியாடா! ஒண்ணு கூடவும் இல்ல, கொறயவும் இல்ல!"

பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தேன். தோல்வி.

ஆபீசுக்கு ஓடினோம். குமாஸ்தா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கடைசிப் பரீட்சையில மட்டும் தனியா முப்பது வாங்கோணும்னு சர்க்குலர் வந்துதே. வகுப்புல வாசிச்சாங்க. உங்க ஹாஸ்டல் போர்டுலயும் ஒட்டினமே."

ஹாஸ்டல் போர்டில் சர்க்குலர் எதுவும் இல்லை. யாருக்கு எத்தனை வேண்டும் என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தில் சாக்பீஸ் போட்ட பட்டியல்தான் இருந்தது, மைதாப் பசையைத் தாராளமாகத் தடவி ஒட்டியது. அதைக் கிழித்தேன். அடியில் சர்க்குலர்.

சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "உன்ற கணக்குல இடி உழ!" என்று ஆரம்பித்துத் திட்டிய மற்றதைப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. அவன் தடுக்கக் கையைத் தூக்கவில்லை. "உங்க ஊட்டுக்கு நானும் வாரேன்" என்றான்.

அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சணல் கயிறு போட்ட நோட்டுகளை அப்படியே அவர் முன்னால் வைத்தான் சாக்பீஸ். "இதக் கட்டி வெச்சது நானுங்க. அவன் நாஞ்சொன்ன மார்க்கத்தான் வாங்குனானுங்க. தப்பு என்ற மேலதானுங்க. அக்டோபர்ல திரும்பப் பரீச்ச இருக்குதுங்க. அதுவரைக்கும் ரிக்குக்கு அனுப்பாதீங்க."

அப்பா நோட்டுகளையும் அவனுடைய வெளுத்த சட்டைப் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "செரி சாமி. அப்ப எத்தன வாங்கோணும்?"

அவன் கை பைக்குப் போய், பாதியில் நின்றது. "தெரியலீங்க. முடிஞ்ச மட்டும் வாங்கட்டுங்க."

சாக்பீஸ் எண் சொல்லாமல் விட்டதை அன்றுதான் பார்த்தேன். அப்பா மாமாவுக்கு, அக்டோபர் வரை பொறுக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். நான் நான்கு மாதம் அவனோடு பேசவில்லை. சணலை அறுத்து ஐந்து யூனிட்டையும் படித்தேன். அவன் மேலிருந்த ஆத்திரத்திலேயே படித்தேன்.

அக்டோபரில் பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தால், கல்லூரி கேட் பக்கத்தில் நிற்கிறான் சாக்பீஸ். வழக்கமாக, எழுதிவிட்டு வருகிறவன் கையிலிருந்து கேள்வித்தாளைப் பிடுங்கி, கேள்விக்குக் கேள்வி மார்க் போட்டுக் கூட்டிச் சொன்ன பிறகுதான் சாப்பிடவே விடுவான். அன்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரமாக வெயிலில் நின்றிருக்கிறான். பையில் சாக்பீஸ் இல்லை. எப்படி எழுதினாய் என்றுகூடக் கேட்கவில்லை.

அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. "ஏண்டா, கணக்குப் போடலியா?"

"பயமா இருக்குதுடா."

இன்றைக்கும் அவன் மேல் எனக்குக் கோபம்தான். அந்த ஒரு மார்க்கை நான் மறக்கப் போவதில்லை. ஆனாலும் கேள்வித்தாளையும் என் பேனாவையும் அவன் கையில் திணித்தேன். கேட் சுவரில் வைத்து, நான் சொல்லச் சொல்ல மெதுவாகக் கூட்டினான். ஐம்பத்தெட்டு வந்தது. பிறகு, என் முகத்தைப் பார்க்காமலே, கையெழுத்துக்கு ஒன்றைக் கழித்தான்.

நான்கு மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் அவனைப் பார்த்துச் சிரித்தேன்.