ரெண்டு டிரைவரும் ஒரு நீல ஒயரும்

ஞாயித்துக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அவர் ஒரு சபதம் எடுத்தாரு. இன்னைக்கு மதியம் வரைக்கும் இந்த வீட்டுல வைஃபை வேலை செய்யக் கூடாது.

காரணம் இருக்கு. பதினொரு மணிக்கு குடியிருப்பு சங்கக் கூட்டம். கூட்ட அறையில பெயின்ட் அடிக்கிறதால, அவங்கவங்க வீட்டுலயிருந்தே கம்ப்யூட்டர்ல முகத்தைக் காட்டணும். புதுச் செயலாளரைத் தேர்ந்தெடுக்கப் போறாங்க. செயலாளர்னா யாரு? தண்ணி மோட்டார் நின்னாலும், லிஃப்ட் நின்னாலும், நாலாவது மாடி நாய் குரைக்கிறதை நிறுத்தலைன்னாலும், குளிச்சிட்டிருக்கும்போதே கதவைத் தட்டி வெளியே இழுக்க முப்பத்தாறு வீட்டுக்கும் உரிமை உள்ள ஆளு.

நம்மாளு ஒரு கிடங்குல ஸ்டோர் கீப்பர். வாரத்துல ஆறு நாள் "போல்ட் எங்கே, நட்டு எங்கே"ன்னு கத்துறவங்களுக்கு பதில் சொல்றவரு. மிச்சம் இருக்கிறது ஒரே ஒரு ஞாயிறு. எப்பவோ ராத்திரி வகுப்புல மூணு மாசம் கம்ப்யூட்டர் படிச்ச குத்தத்துக்கு, கட்டடமே அவரை 'கம்ப்யூட்டர் சார்'னு கூப்பிடுது. கூட்டத்துல மூஞ்சி தெரிஞ்சா போதும், கையைக் காட்டிடுவாங்க.

அதனால ஒரு திட்டம். அவரோட பழைய லேப்டாப்புக்குள்ளயே வைஃபை இருக்கு. அது போதாதுன்னு அலமாரியில தூங்கிட்டிருந்த கட்டைவிரல் சைஸ் வைஃபை குச்சி ஒண்ணையும் எடுத்து சொருகினாரு. அதோட டிரைவரை சிடியிலிருந்து ஏத்தினாரு. டிரைவர்னா, கம்ப்யூட்டருக்கும் அந்தக் கருவிக்கும் நடுவுல நின்னு பேசி வேலை வாங்குற மென்பொருள். இப்ப ரெண்டு டிரைவர். நான்தான் பேசுவேன்னு ரெண்டும் முட்டிக்கிச்சு. வைஃபை ஒரு நிமிஷம் வரும், ரெண்டு நிமிஷம் போகும். பிரமாதம்!

"என்னங்க, பத்தாயிடுச்சு. கூட்டத்துக்கு ரெடி பண்ணலையா?"

சம்சாரம். மருந்துக் கடை கவுண்டர்ல வேலை. டாக்டருங்க கிறுக்குறதையே தினம் படிச்சுப் பழகினவ.

அவர் முகத்தை முடிஞ்ச வரைக்கும் சோகமாக்கிக்கிட்டாரு. "எங்கே பண்றது? வைஃபை வந்து வந்து போகுது. உள்ளே ரெண்டு டிரைவர் மோதுது."

"ஒரே வண்டியில ரெண்டு டிரைவரா? எப்படிங்க ஓடும்?"

"ஓடாது. அதைத்தானே சொல்றேன்."

"நம்ம வீடு ஓடுதே?"

"நம்ம வீட்டுல ரெண்டு டிரைவரா இருக்கு?"

அவ கொஞ்சம் யோசிச்சா. "அதுவும் சரிதான். ஒண்ணுதான்." அப்புறம் பெருமூச்சு விட்டா. "மேல் வீட்டுக் குழாய் ஒழுகி, எட்டு மாசமா நம்ம குளியலறையில பக்கெட் நிக்குது. இன்னைக்காவது கேக்கலாம்னு இருந்தேன். சரி, விடுங்க."

இவ்வளவு லேசுல விடுறவ இல்லையேன்னு அவருக்கு ஒரு பொறி தட்டிச்சு. சந்தோஷத்துல அது அமுங்கிப் போச்சு. அவ துவைச்ச துணியைத் தூக்கிட்டு பால்கனிக்குப் போனா. அங்கே கொடியா இருக்கிறது ஒரு நீல ஒயர். வீணாப் போகக் கூடாதுன்னு போன வருஷம் அவரே கட்டினது.

பத்தே முக்காலுக்கு எதிர் வீட்டு தையல்காரர் எட்டிப் பார்த்தாரு. "சார், இன்னும் உள்ளே நுழையலையா?"

"நெட்டு இல்லண்ணே. இந்தத் தடவை நான் வரலை."

"ஐயையோ! வராதவங்க தலையிலதானே சார் கட்டுவாங்க? போன தடவை பல் டாக்டர் கல்யாணத்துக்குப் போயிருந்தாரு. திரும்பி வந்து பார்த்தா, செயலாளர்! வேணாம்னு சொல்ல ஆள் இல்லைன்னா வேற என்ன பண்ணுவாங்க?"

அவர் தையல்காரர் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "அண்ணே, உங்க வீட்டுலயிருந்து நானும் கொஞ்சம்..."

"ஒரு வீட்டுக்கு ஒரு முகம்தான் சார். ரெண்டு தெரிஞ்சா கள்ள ஓட்டும்பாங்க." கதவைச் சாத்திட்டாரு மனுஷன்.

குச்சியைப் பிடுங்கினாரு. வைஃபை வரலை. லேப்டாப்பை அணைச்சுப் போட்டாரு. வரலை. கருவிகள் பட்டியலைத் திறந்தாரு. மஞ்சள் முக்கோணத்துல ஒரு ஆச்சரியக்குறி, அவரைப் பார்த்து ஆச்சரியப்பட்டுச்சு. குச்சியோட டிரைவர்னு நினைச்சு ஒண்ணை நீக்கச் சொன்னாரு. 'டிரைவரையும் சேர்த்து அழிக்கவா?'ன்னு கேட்டுச்சு. "அழி, ஒழி!"ன்னு அமுக்கினாரு. அது லேப்டாப்போட சொந்த டிரைவர். கோபத்துல இன்னொண்ணையும் அமுக்கினாரு. இப்ப வைஃபை அடையாளமே திரையில இல்லை. சிடியை மறுபடி போட்டா, கீறல் விழுந்து கிர்ருன்னு அழுதுச்சு.

டிரைவரை நெட்டுலயிருந்து இறக்கிக்கலாம். நெட்டு வேணும்னா டிரைவர் வேணும். டிரைவர் வேணும்னா நெட்டு வேணும். அவர் தலையில அடிச்சுக்கிட்டாரு. அதுக்கு மட்டும் எந்த டிரைவரும் வேண்டியிருக்கலை.

மணி பதினொண்ணு. அவரோட ஃபோன் ரிப்பேர் கடையில. சமையல்கட்டுலயிருந்து சம்சாரம் ஃபோன்ல பேசுற சத்தம். அக்காகிட்டதான், வேற யாரு?

"ஏம்மா! உன் ஃபோனைக் கொஞ்சம் குடேன்!"

"பேசிட்டிருக்கேங்க! என்ன பண்ணிட்டிருக்கீங்க இப்ப?"

"ரெண்டு டிரைவர் சண்டையைத் தீர்த்துட்டிருக்கேன்!"

"ஒருத்தரே தனியாவா தீர்க்கிறீங்க?"

"பின்னே? எனக்குத் தெரியாததா? எவ்வளவு நேரமானாலும் விடமாட்டேன்!"

உள்ளே பல பேர் சிரிக்கிற மாதிரி கேட்டுச்சு. அக்கா வீட்டுல விருந்தாளி போலன்னு நினைச்சுக்கிட்டாரு.

பதினொண்ணு இருபதுக்கு அவ வாசப்படியில வந்து நின்னா. கையில ஃபோன்.

"முடிஞ்சுது. ஒருத்தர்கூட எதிர்க்கலை. நீங்கதான் செயலாளர்."

"நீ... அக்காகிட்ட..."

"கூட்டத்துல இருந்தேன். நீங்க கத்தினதெல்லாம் எல்லாரும் கேட்டாங்க. 'ரெண்டு டிரைவர் சண்டையை ஒத்தை ஆளா தீர்க்கிறவருக்கு, மேல் வீடு கீழ் வீடு சண்டை ஒரு பெரிய விஷயமா?'ன்னு பல் டாக்டர்தான் முன்மொழிஞ்சாரு. பாவம், தப்பிச்ச சந்தோஷத்துல அழுதுட்டாரு. வழிமொழிஞ்சது நான்."

"நீயா!"

"குச்சியோட அட்டைப்பெட்டியை கட்டிலுக்கடியில தள்ளினா பெருக்கும்போது தெரியாதாங்க? முதல் புகாரும் நான்தான் குடுத்திருக்கேன். நம்ம குளியலறை."

அதுக்குள்ள அழைப்பு மணி அடிச்சுது. நாலாவது மாடி நாய்க்காரம்மா, மூச்சு வாங்க நின்னாங்க. "செயலாளர் சார், எங்க லேப்டாப்புல வைஃபை எடுக்க மாட்டேங்குது. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

அவர் தன் லேப்டாப்பைக் காட்டினாரு. "என்னாலயே என்னோடதை..."

"அதுக்கென்ன,"ன்னா சம்சாரம். "நெட்டு பெட்டிக்கும் லேப்டாப்புக்கும் நடுவுல ஒரு ஒயரைச் சொருகினா வைஃபையும் வேணாம், அதோட டிரைவரும் வேணாம். எங்க கடையில தினம் அப்படித்தானே ஓடுது? பால்கனியில கட்டியிருக்கீங்களே, நெட்டு பெட்டியோட வந்த அந்த நீல ஒயர்தான்."

"இதை ஏன் காலையிலயே சொல்லலை?"

"நீங்கதான் தீர்த்துட்டிருந்தீங்களே. போய் அவிழ்த்து எடுத்துட்டுப் போங்க."

அவர் பால்கனிப் பக்கம் நடந்தாரு. பின்னாலயே குரல் வந்துச்சு.

"முதல்ல துணியெல்லாம் எடுத்து மடிச்சு வெச்சிடுங்க, செயலாளர் சார்."