இடது கம்பத்தைப் பிடித்திருந்தவள் எழுதுவது

பெல் ரிட்ஜ், அயோவா
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள க்ரெச்சன் அக்காவுக்கு,

தங்கை ஜனெல் எழுதுவது. நானும் கர்ட்டும் நாயும் சுகம். நீயும் அத்தானும் ஆண்டர்ஸும் சுகமாக இருப்பதாக நானாகவே வைத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஆறு முறை போன் செய்தேன். ஐந்து முறை நீ எடுக்கவில்லை. எடுத்த ஒரு முறையும், “நீதாண்டி ஆட்டினே. பைனாகுலர்ல பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். நாளை மறுநாள் நன்றித் திருநாள். பதினெட்டுப் பவுண்டு வான்கோழி ஒன்று எங்கள் ஃபிரிட்ஜை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நாற்பத்து நான்கு வருஷத்தில் நீ இல்லாமல் நான் அந்த விருந்தைச் சாப்பிட்டதே இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு முடிவு செய்.

முதலில் எங்கள் நிலைமையை யோசித்துப் பார். உங்கள் ஊர்க் கல்லூரி ஜெயித்துப் பழகியது. நான் வேலை பார்க்கும் கல்லூரி கால்பந்தில் தொடர்ந்து முப்பத்தொரு ஆட்டம் தோற்றிருந்தது. இந்த சீசனில் முதல் ஆட்டத்துக்குப் போன பஸ் வழி தப்பி வேறொரு கல்லூரி வாசலில் போய் நின்றது. அங்கேயே ஆடியிருந்தாலாவது ஜெயித்திருக்கலாம் என்றார் கர்ட். நான்காவது ஆட்டத்தில் எங்கள் பையன் ஒருவன் பந்து கைக்கு வந்த ஆச்சரியத்தில் நிற்க மறந்து, கோட்டைத் தாண்டி ஓடி, பேண்டு வாசித்துக்கொண்டிருந்த பெண்ணின் டூபா ஊதுகுழலுக்குள் தலையை விட்டுக்கொண்டான். எட்டாவதில் எதிரணி எங்கள்மீது இரக்கப்பட்டு இடைவேளையில் சூடான சாக்லேட் வாங்கிக் கொடுத்தது. வெட்கமில்லாமல் இரண்டாவது கப்பும் கேட்டு வாங்கிக் குடித்தோம்.

அப்படிப்பட்ட நாங்கள், சனிக்கிழமை கடைசி ஆட்டத்தில், உங்களோடு, கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டபோது பதினான்குக்குப் பதின்மூன்று என்று முன்னால் இருந்தோம். ஜெயித்தால் இரண்டு கால் வைத்த கோல் கம்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போய் ஆற்றில் போடுவது வழக்கம் என்று இந்தப் பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்கிறார்களே தவிர, செய்து பார்த்ததில்லை. எத்தனை பிடுங்க வேண்டும் என்று தெரியாமல் மைதானத்தின் இரண்டு முனையிலும் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கர்ட் அழுதுகொண்டிருந்தார். எங்கள் கல்யாணத்தன்றுகூட அவர் அழவில்லை. அப்போதுதான் நடுவர் மைக்கைத் தட்டி, “கடிகாரம் தப்பு. இன்னும் ரெண்டு செகண்டு இருக்கு. எல்லாரும் வெளிய போங்க” என்றார். இரண்டு செகண்டில் உங்கள் அணி ஒரே ஒரு உதை உதைக்கலாம். பந்து கம்பத்தின் இரண்டு காலுக்கும் நடுவே போனால் மூன்று புள்ளி, வெற்றி உங்களுக்கு. உதைக்கப் பந்து இருந்தது, உன் பையன் ஆண்டர்ஸ் இருந்தான், கம்பம்தான் இல்லை.

ஒரு கம்பம் அதற்குள் ஆற்றோடு போய்விட்டிருந்தது. இன்னொன்று பீட்சா கடை முனையில் திருப்ப முடியாமல் சிக்கியிருந்தது. ஆடிப் பாடித் தூக்கிக்கொண்டு போன அதே பிள்ளைகள், அதே தெருவழியாக, பாட்டில்லாமல் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். குழியில் நட்டாயிற்று. ஆனால் போல்ட்டுகளை யாரோ ஞாபகார்த்தமாக எடுத்துப் போய்விட்டார்கள். கைவிட்டால் கம்பம் ஆடியது.

“யாராவது பிடிச்சுக்கிட்டு நில்லுங்கய்யா, நாங்க மூணு மணி நேரம் பஸ்ல போகணும்” என்றார் உங்கள் கோச்.

“யாரு பிடிக்கிறது? இவங்க ஆளு பிடிச்சா நெருக்குவான், உங்க ஆளு பிடிச்சா அகட்டுவான்” என்றார் நடுவர்.

கம்பத்தின் வலது காலைப் பிடிக்க எங்கள் சர்ச் பாஸ்டர் லிண்ட்குவிஸ்ட் வந்தார். அவர்மேல் யாருக்கும் சந்தேகமில்லை. இடது காலுக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. கர்ட் எழுந்து நின்று, “என் பொண்டாட்டி பிடிக்கட்டும். உதைக்கிறது அவ அக்கா பையன், சம்பளம் குடுக்கிறது இந்தக் கல்லூரி. அவளால எந்தப் பக்கமும் சாய முடியாது” என்று சத்தம் போட்டார். இரண்டு பக்கமும் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய், ஞாபகம் இருக்கட்டும்.

கையுறைகூட இல்லாமல் அந்தச் சில்லிட்ட கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றேன் அக்கா. ஆண்டர்ஸ் பக்கத்தில் வந்து தூரத்தைப் பார்ப்பதுபோல நின்றான். “சித்தி, ஆடாமப் பிடிங்க” என்றான். “நீ நேரா உதைடா” என்றேன். போகும்போது திரும்பி, “என்ன ஆனாலும் வியாழக்கிழமை நீங்க சுடற பூசணிப் பை உண்டுதானே?” என்றான். முகம் வெளுத்திருந்தது. உண்டு என்றேன்.

உதைத்தான். பந்து இடது கம்பத்தின் உச்சியில் பட்டு, ணங்கென்று முன்னால் விழுந்தது. உங்களுக்குப் புள்ளி இல்லை, வெற்றி எங்களுக்கு. இவ்வளவுதான் நடந்தது. என் கை ஆடியதா என்று மூன்று நாளாக என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். ஆடவில்லை என்றுதான் பதில் வருகிறது. பாஸ்டரிடம் கேட்டேன், “நான் எதுவும் பார்க்கலையேம்மா” என்றார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தபோது, “பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்” என்று சொல்லிக்கொண்டே கையை விட்டவள் நீ. வேலியில் போய் விழுந்தவள் நான். பிடித்ததை நான் விட்டதில்லை. அந்த நிதானத்தோடு சொல்கிறேன்: கம்பம் இம்மிகூட அசையவில்லை.

அத்தானுக்கு என் அன்பு. ஆண்டர்ஸுக்கு முத்தம், அவன் வேண்டாம் என்றாலும். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் கடவுள் நல்ல பசியைக் கொடுத்து வியாழக்கிழமை இங்கே அனுப்பி வைக்கட்டும்.

உன் தங்கை,
ஜனெல்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், மனசு கேட்கவில்லை. நீ பார்த்தது சரி, ஆட்டினேன். உதைத்த பந்து இடது பக்கம் வெளியே போகிறது என்று எனக்கு அடியிலிருந்தே தெரிந்துவிட்டது. அந்த வெளுத்த முகம் கண்முன்னால் வந்தது. பந்தை உள்ளே விடத்தான் கம்பத்தை வெளியே தள்ளினேன். அரை அடி போதவில்லை. பாஸ்டர் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார். கர்ட்டுக்குத் தெரியாது. இந்த ஊருக்குத் தெரிந்தால் அடுத்தது என்னைத்தான் ஆற்றில் போடுவார்கள். படித்ததும் கொளுத்திவிடு. வரும்போது பூசணிப் பைக்கு க்ரீம் வாங்கி வா.