செயலியில் அரிசி இல்லை

மனித குலத்தின் செலவைக் குறைக்க எத்தனையோ மகான்கள் பாடுபட்டிருக்கிறார்கள். ஆனால் சாப்பாட்டுச் செலவு என்ற ஒன்றையே உலகத்திலிருந்து ஒழித்துக்கட்டிய பெருமை, திருவண்ணாமலையில் பொறியியல் இறுதியாண்டு படிக்கும் இனியன் ஒருவனுக்கே உரியது.

அந்தச் சாதனையின் பெயர் 'சிக்கனம்'. போனில் பிரவுசரிலேயே திறக்கும் செலவுக் கணக்குச் செயலி. டவுன்லோடு செய்யும் செலவுகூட இல்லை, அவ்வளவு சிக்கனம். என்ன செலவு செய்தாலும் அதற்குரிய படத்தைத் தொட்டால் போதும், கணக்கில் ஏறிவிடும்.

இதற்கான 'உயர்மட்ட ஆலோசனைக் கூட்டங்கள்', கூட்டாளி சாகிலுடன், செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குப் பக்கத்துக் காபிக் கடையில் நடந்தன. ஆசைகளைத் துறக்க வந்த வெளிநாட்டினர் இருநூறு ரூபாய்க்குக் காபி குடிக்கும் இடம். சிக்கனத்தைச் சிந்திக்க அதைவிட அமைதியான இடம் ஊரில் கிடையாது. பில்லுக்கான பணத்தை இனியனின் அம்மா அன்புச்செல்வி, வேங்கிக்கால் ஆபீசில் ஃபைல் பார்த்தபடியே, போனில் அனுப்பிவிடுவார்.

சோதனை, புராஜெக்ட் வழிகாட்டி வேணு சார் ரூபத்தில் வந்தது.

"ஆப் ஜோரா கீதுப்பா. ஆனா நிஜமா செலவு பண்ற ஆள் ஒருத்தராவது ஒரு மாசம் யூஸ் பண்ணிக் காட்டணும். இல்லன்னா ஃபெயில். டிகிரிய அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

இருவரும் வராந்தாவில் நின்று ஆழ்ந்து யோசித்தார்கள்.

"நாமளே செலவு பண்றோமேடா?" என்றான் இனியன்.

"பண்றோம் மச்சான். ஆனா 'நிஜமா'ன்னு சொல்லிட்டாரே," என்றான் சாகில்.

ஆகவே அன்புச்செல்வி ஏகமனதாகத் தேர்வு செய்யப்பட்டார். அன்று ஆபீசிலிருந்து வந்தவர், தோள்பையைக்கூட இறக்காமல் போனைத் தடவித் தடவித் தேடினார்.

"டேய், அரிசி எங்கடா?"

"சமையல்கட்டுலதானமா இருக்கும்?"

"வீட்ல இல்லடா. உன் ஆப்ல!"

இனியன் வாங்கிப் பார்த்தான். டீ இருந்தது. பெட்ரோல், ரீசார்ஜ், ஹெட்போன், நண்பன் பிறந்தநாள் கேக் எல்லாம் இருந்தன. முடிவெட்டுக்கு மட்டும் மூன்று வகை. அரிசி இல்லை. பருப்பு, எண்ணெய், கேஸ் சிலிண்டர், எதுவும் இல்லை.

அவசரமாகச் சாகிலைப் போனில் கூப்பிட்டான். "அரிசிய எப்படிடா விட்டோம்?"

சாகில் வெகுநேரம் யோசித்தான். "நம்ம வீட்லல்லாம் அரிசி இருக்கும்டா. வாங்க மாட்டாங்க."

இதில் பிழை காண்பது அநியாயம். பிறந்தது முதல் தட்டில் தானாகவே தோன்றிக்கொண்டிருக்கும் ஒரு பொருளுக்கு விலை உண்டென்று, ஒரு பொறியாளன் எதை வைத்து ஊகிப்பான்?

"எல்லாத்தையும் 'இதர'ல போடுமா," என்று தீர்ப்பளித்தான் இனியன்.

அன்புச்செல்வி போட்டார். மாதக் கடைசியில் செலவைப் பங்கு பிரித்துக் காட்டும் வட்டம் முழுக்க 'இதர' என்ற ஒரே மஞ்சள் நிறத்தில் பௌர்ணமி நிலவாக ஜொலித்தது. கீழே செயலி தானாகவே வாழ்த்தியிருந்தது: 'டீ இல்லை, பெட்ரோல் இல்லை, கேக் இல்லை. நீங்கள் ஒரு ஞானி!'

வேணு சார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"ஏம்பா, இந்தம்மா மாசம் பூரா சாப்பிடவே இல்லியா?"

டிகிரி அந்தரத்தில் தொங்கியது. இனியன் கண் இமைக்கவில்லை.

"நம்ம ஊர்ல சாப்பாட்டுக்கு யார் சார் செலவு பண்றாங்க? கிரிவலப் பாதைல நடந்தா, வேணாம்னாலும் கூப்ட்டுக் கூப்ட்டு அன்னதானம் போடறாங்க. ஊர்ப் பண்பாட்டுக்கு ஏத்த மாதிரி டிசைன் பண்ணிருக்கோம் சார்."

வேணு சாரும் ஒரு வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்தான். நியாயம் உடனே புரிந்துவிட்டது. மார்க்கும் ஜாஸ்தியாகவே விழுந்தது.

அன்று வீட்டில் வெற்றி விருந்து. சாம்பார் சோற்றைக் குழைத்து அடித்தபடி இனியன் நடந்ததையெல்லாம் விவரித்தான். அன்புச்செல்வி கரண்டியோடு நின்றார்.

"அன்னதானம்னா சொன்ன?"

"ஆமாமா. சட்டுனு தோணுச்சி."

"கரெக்டாத்தான் சொல்லிக்கிற. இந்த வீட்லயும் இருபத்தோரு வருஷமா அதான் நடக்குது. என்ன, அங்க சாப்ட்டவன் தட்ட அவனே எடுத்துனு போய்ப் போட்டுட்டுப் போறான்."

இனியன் கைகழுவிவிட்டு வந்து, அதை மிகுந்த பொறுப்போடு செயலியில் பதிவு செய்தான்: 'பயனர் கருத்து. பரிசீலனையில் உள்ளது.'

தட்டு இருந்த இடத்திலேயே இருந்தது.