சோபாவிலிருந்து ஃபிரிட்ஜ் வரை

கம்ப்யூட்டர் திரையில் குழந்தை நடந்தது. நடந்தது குழந்தைதான் என்று கண்ணாடிக் கடைக்காரர் நம்ப விரும்பினார். கட்டம் கட்டமாக மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒன்று சோபாவிலிருந்து பிய்ந்து, ஃபிரிட்ஜை நோக்கி நகர்ந்து, பாதி வழியிலேயே தரையோடு தரையாகக் கலந்துவிட்டது.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிப் பார்த்தார். ஊருக்கெல்லாம் பார்வையைச் சரிசெய்து அனுப்புகிறவருக்குத் தன் மகளையே அடையாளம் தெரியவில்லை.

"மாப்ளே, குழந்தை கரைஞ்சு போச்சுடா!" என்று போனில் அலறினார்.

மறுமுனையில் மைத்துனன். கம்ப்யூட்டர் விற்கிறவன். தெரிந்ததைவிடத் தெரியாததை இன்னும் தைரியமாகச் சொல்லுவான்.

"ஓவரா சுருக்கிட்டீங்க மாமா. குவாலிட்டி போகாம சுருக்கணும்."

"சுருக்கச் சொன்னதே நீதானே?"

விஷயம் இதுதான். வங்கிகளில் தணிக்கை செய்கிற அவர் மனைவி ஒரு வார வேலையாக வெளியூர் போயிருந்தாள். அவள் போன மறுநாளே, அதுவரை தவழ்ந்துகொண்டிருந்த குழந்தை சோபாவைப் பிடித்து எழுந்து, கையை விட்டு, தள்ளாடித் தள்ளாடி ஃபிரிட்ஜ் வரை நடந்து, பொத்தென்று உட்கார்ந்தது. வீடியோ கேமரா கையில் இருந்தது அவர் செய்த புண்ணியம். தலைகால் புரியாமல் மனைவிக்கு போன் போட்டார். மறுமுனையில் அவள் விசும்பல் கேட்டது.

"முதல் நடை... நான் பாக்கலையே."

"நீ அழாதே. வந்ததும் கம்ப்யூட்டர்ல பெரிசா போட்டுக் காட்டறேன். ஒரு துளி குறையாம, நேர்ல பாக்கற மாதிரி. சத்தியம்!"

அந்தச் சத்தியத்தின் முதல் எதிரி வீட்டுக் கம்ப்யூட்டர்தான். கேமராவில் எடுத்தது பெரிய ஃபைல். கம்ப்யூட்டரோ பழசு. ஒரு படத்தைக் காட்டிவிட்டு ஆழ்ந்த யோசனையில் மூழ்கியது. திரையில் குழந்தை ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. அது காலை ஊன்றுவதற்குள் அவர் காபி போட்டுக் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்.

"சுருக்கினா சரியாயிடும் மாமா" என்று அப்போது சொன்னவன் இந்த மைத்துனன்.

"குழந்தை சின்னதாயிடாதே?"

"ஃபைல்தான் சின்னதாகும். குழந்தை அப்படியேதான் இருக்கும்."

இருந்த லட்சணத்தைத்தான் இப்போது பார்த்தாயிற்று.

"சரி மாமா, பிட்ரேட்டை ஏத்துங்க. அதுக்குப் பதிலா ஒரு செகண்டுக்கு வர்ற ஃபிரேமைக் குறைச்சிடுங்க."

பிட்ரேட் என்றால் என்ன என்று கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. ஏற்ற வேண்டியதை ஏற்றி, குறைக்க வேண்டியதைக் குறைத்தார். படம் கண்ணாடிபோல வந்தது. குழந்தையின் புருவம்கூடத் துல்லியம். சோபா ஓரம் நின்றது. அடுத்த நொடி ஃபிரிட்ஜ் ஓரம் உட்கார்ந்திருந்தது.

"நடக்கலை மாப்ளே. டிரான்ஸ்ஃபர் ஆகியிருக்கு."

"அப்ப ஃபிரேமை ஏத்துங்க. அகலத்தைக் குறைங்க."

அகலத்தைக் குறைத்ததில் குழந்தை ஒட்டடைக்குச்சிபோல நெடுநெடுவென்று வளர்ந்து ஃபிரிட்ஜின் தலைக்கு மேல் எட்டிப் பார்த்தது. அதைச் சரிசெய்தபோது உடம்பெல்லாம் கோடு விழுந்து, சீப்பால் வாரிவிட்ட மாதிரி ஆனது. கோட்டைப் போக்கியபோது சத்தம் பின்தங்கியது. குழந்தை நடந்து, விழுந்து, எழுந்து, கட்டைவிரலை வாயில் போட்டுக்கொண்ட பிறகு, "ஐயோ நடக்கறாளே!" என்று அவருடைய குரல் கத்தியது.

ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சுருக்கியதை முந்தின சுருக்கலின் மேலேயே சேமித்தார். வீட்டில் குப்பை சேரக் கூடாது என்ற நல்ல பழக்கம்.

மனைவி வருகிற நாள் காலையில் எல்லாம் கைகூடியது. பிட்ரேட், ஃபிரேம், அகலம், சத்தம் எல்லாம் கச்சிதம். கீழே இருந்த கட்டங்களில் எதுவும் விட்டுப்போகக் கூடாதென்று எல்லாவற்றிலும் டிக் அடித்து, பொத்தானைத் தட்டினார். படம் வந்தது. இதுவரை வந்ததிலேயே அழகு. குழந்தை சோபாவைப் பிடித்து எழுந்தது, கையை விட்டது, முடிந்தது.

"நாலு செகண்டோட நின்னுபோச்சு மாப்ளே."

"டிஸ்க்ல இடம் இருந்திருக்காது. ஒரிஜினலை வச்சு மறுபடி பண்ணுங்க."

ஒரிஜினலைக் காணவில்லை.

"மாமா, 'முடிஞ்சதும் மூல ஃபைலை அழி'ன்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல டிக் அடிக்கலையே?"

கண்ணாடிக் கடைக்காரர் திரையில் தேடிப் பார்த்தார்; அந்தக் கட்டத்திலும் டிக் இருந்தது.

"சரி விடுங்க, கேமராவுல இருக்கும்ல? அதுலேர்ந்து காப்பிதானே பண்ணீங்க?"

"கட் பண்ணித்தான் போட்டேன். ஒரே பொருள் ரெண்டு இடத்துல எதுக்குன்னு..."

மைத்துனன் லைனிலேயே இல்லை. அவனுக்கு அக்காளை நன்றாகத் தெரியும்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். மகளின் முதல் நடை போய்விட்டது. அதைப் பார்க்கத்தான் ஒருத்தி வந்துகொண்டிருக்கிறாள். அழுகை வந்தது. அழுதால் காரியம் நடக்காது என்பதால் கேமராவை எடுத்தார்.

பகலில் குழந்தையை வழக்கமாகப் பார்த்துக்கொள்கிற குழந்தைகள் காப்பகத்து அக்கா மத்தியானம் அதைக் கொண்டுவந்து விட்டபோது, அவளையும் கையோடு உள்ளே கூப்பிட்டு விவரத்தைச் சொன்னார்.

"மறுபடி எடுத்துடலாம்க்கா. அதே மஞ்சள் கவுன், அதே சோபா. நீங்க பிடிச்சு நிறுத்துங்க, நான் எடுக்கறேன்."

அக்கா நிறுத்தி, கையை விட்டாள். குழந்தை சோபாவிலிருந்து ஃபிரிட்ஜுக்கு ஓடி, கதவைத் திறந்து, தக்காளி ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பி ஓடிவந்தது.

அவர் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் தேறிவிட்டது! இத்தனை நாள் வீடியோவின் குவாலிட்டி போகாமல் இருக்கப் பாடுபட்டவர், இப்போது குழந்தையுடைய நடையின் குவாலிட்டியைக் குறைக்க வேண்டியதாயிற்று.

தன்னுடைய செருப்பை மாட்டிவிட்டார். செருப்போடு ஓடியது. இடுப்பைச் சுற்றித் துண்டைக் கட்டினார். துண்டு அவிழ்ந்ததே தவிர வேகம் குறையவில்லை. கடைசியில் தானே சோபாவைப் பிடித்து எழுந்து, தள்ளாடி நடந்து, பொத்தென்று விழுந்து காட்டினார். குழந்தை கைதட்டிச் சிரித்தது.

"சார், நீங்க அருமையா விழறீங்க" என்றாள் அக்கா.

பத்துப் பதினைந்து தடவை விழுந்து காட்டியதில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சிரித்துச் சிரித்துக் குழந்தைக்குத் தூக்கம் வந்துவிட்டது. அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. தூக்கக் கலக்கத்தில் அது சோபாவை விட்டு, தள்ளாடித் தள்ளாடி, ஃபிரிட்ஜ் வரை போய்ப் பொத்தென்று உட்கார்ந்தது. இந்தத் தடவை கேமராவையே சின்ன அளவில் வைத்து எடுத்திருந்தார். சுருக்குகிற வேலையே இல்லை. இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வைத்தார்.

சாயங்காலம் மனைவி வந்தாள். பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் திரை முன்னால் நின்றாள். குழந்தை நடந்தது. அவள் கண் நிறைந்து வழிந்தது. அக்காவும் சமையலறை வாசலில் நின்று பார்த்தாள். கண்ணாடிக் கடைக்காரருக்கு உயிர் திரும்பி வந்தது.

"இன்னொரு தடவை போடுங்க."

போட்டார். தணிக்கைக்காரியின் கண் சுருங்கியது.

"ஏங்க, ரெண்டு பல்லு தெரியுதே? நான் கிளம்பறப்ப ஒண்ணுதானே இருந்துச்சு?"

அவர் பிட்ரேட்டிலிருந்து தக்காளி வரை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். "அழிச்சிட்டேம்மா. உன் மகளோட முதல் நடையை என் கையாலயே அழிச்சிட்டேன். என்னை என்ன வேணா திட்டு."

அவள் திட்டவில்லை. பெட்டிமேல் உட்கார்ந்து, முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து அவர் கிட்டே போனார். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அது முதல் நடை இல்லீங்க. நான் ஊருக்குப் போறதுக்கு முன்னாடியே காப்பகத்துல நடந்துட்டா. கூப்பிடப் போனேன், என்னைப் பாத்து நேரா நடந்து வந்தா. நீங்க பாக்கலேன்னா மனசு உடைஞ்சுடுவீங்களேன்னு சொல்லலை. வீட்டுல நடக்கறப்ப நீங்களே முதல்ல பாத்ததா இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"போன்ல அழுதியே?"

"நீங்க அவ்வளவு சந்தோஷமா சொன்னப்புறம் பின்ன என்ன செய்யறது?"

அவருக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. இப்படி ஒருத்தியைக் கட்டிக்கொண்டதில் பெருமைதான் வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "போகட்டும். முதல் நடையை நீயாவது பாத்தியே. எனக்கு அது போதும்."

சமையலறை வாசலில் காப்பகத்து அக்கா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா... எங்க காப்பகத்துல, பெத்தவங்க வந்து பாக்கற வரைக்கும் எந்தக் குழந்தையும் இன்னும் நடக்கலைன்னுதான் சொல்லுவோம்."