கண்ணாடிக்கடைக்காரர் தனிக்கோல் ஏந்திய படலம்

வாழ்க! மங்கிய விழிகளுக்கு ஒளி வழங்கும் வள்ளல். கிட்டப்பார்வைக்கும் தூரப்பார்வைக்கும் ஒரே சட்டத்துக்குள் சமாதானம் செய்துவைத்த சான்றோர். எந்த மூக்கில் எந்தச் சட்டம் வழுக்கும் என்பதை ஆள் வாசற்படி ஏறும்போதே கணித்துவிடும் நாசிநூல் வல்லார். கைரேகைகளின் காலன், தூசியின் தீராப் பகைவர். சாம்பல்நிற மென்துணியைச் சட்டைப்பையில் வெற்றிக்கொடியெனச் செருகிப் பவனிவரும் எங்கள் கண்ணாடிக்கடைக்காரர் வாழ்க! அவர் தோள்கள் வாழ்க! வலத்தோள் சென்ற மழையில் வழுக்கி விழுந்ததில் சற்றே இறங்கிவிட்டது, அதுவும் வாழ்க!

நிற்க. இத்தகு பெருமகனார் ஞாயிறுதோறும் மாலையில், டயர் கடைக்கு மேலுள்ள ஆட்டக்கூடத்தின் இரும்புப் படிகளில் இடியென ஏறிச்சென்று, பச்சைத் துணி போர்த்திய மேசையில் கோலால் வெள்ளைப் பந்தை உந்தி, அது ஓடிப்போய் ஏனைய பந்துகளை மோதி, அவை ஓரக்குழிகளில் வீழ்ந்து மாளவேண்டும் என்னும் பில்லியர்ட்ஸ் வகைப் போர்த்தொழில் புரிந்து, சிறிது நேரத்தில் அதே படிகளில் பூனையென இறங்கிவருவார். ஏறும்போது இடி, இறங்கும்போது பூனை. நடுவே நிகழ்ந்ததை விரித்துரைக்க நா கூசுவதால் சுருங்கச் சொல்வோம்: தோற்பார்.

யாரிடம்? ஏழு கடல் தாண்டி வந்த வீரனிடமா? இல்லை. மணந்த மனையாளின் உடன்பிறந்த தம்பியிடம். இரு மாடிகளுக்கு நடுவே திரிசங்காய்த் தொங்கிநிற்கும் லிப்டுகளை ஒரு தட்டுத் தட்டி ஓடவைக்கும் மெக்கானிக் மச்சினனிடம். அவன் ஏந்தும் கோலோ கூடத்தின் பொதுச்சொத்து. இடுப்பில் லேசான கூன். பிடியில் யாரோ என்றோ சுற்றிய கறுப்பு இன்சுலேஷன் டேப். நுனியிலிருந்த தோல்முனை டயர் கடைப் பசையால் ஒட்டப்பட்டது. அந்த நொண்டிக்கோலை, சூயிங்கம் மென்றபடி, குறிகூடச் சரியாகப் பாராமல் அவன் நீட்டுவான்; பந்துகள் வரிசைகட்டிச் சென்று குழியில் தாமே குதித்து உயிர்விடும். வென்றபின் அவன் எள்ளி நகையாடியிருந்தாலாவது வீரர் தாங்கியிருப்பார். அவனோ, "விடுங்க மாமா, லைட்டு வேற கண்ணக் கூசுது, அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொல்வான். கண்ணையே தொழிலாகக் கொண்டவருக்குக் கண்ணைச் சொல்லி ஆறுதல்! வேல் பாய்ந்த இடத்தில் மறுவேல் அது.

வீரர் சிந்தித்தார். எழுத்துத் தெரியவில்லை என்று கடைக்கு வருபவரிடம், "நீங்கள் இன்னும் முயன்று படிக்கவேண்டும்" என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "கண்ணாடிய மாத்துங்க" என்பார், மாற்றுவார்கள், தெரியும். ஆதலின், பந்து குழிக்குள் போகாத நோய்க்கும் மருந்து ஒன்றே என்று தெளிந்தார். ஆளில் குற்றமில்லை. கோலை மாற்றவேண்டும்.

அவ்வாறே, ஆளுக்கேற்ற கோல் கடைந்து தரும் தொலைதூரத் தச்சர் ஒருவருக்கு ஓலை போயிற்று; செல்போன் வழியாகத்தான் போயிற்று, ஆயினும் ஓலையே. முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை, பெருவிரலிலிருந்து சிறுவிரல் வரை, இறங்கிய தோளின் இறக்கம் முதற்கொண்டு அளந்து அனுப்பினார். கடையிலிருந்த அளவுநாடாவை வீட்டுக்கே கொண்டுவந்து, கண்ணாடி முன் நின்று, தம்மைத் தாமே அளந்தார். அந்த வாரத்தில் அவ்வீட்டில் அளவெடுக்கப்படாமல் மிஞ்சியது படுக்கையறை ஜன்னல் ஒன்றுதான்.

அந்த ஜன்னலைப் பற்றியும் பாடியாக வேண்டும். வீரரின் இல்லத்தரசி மருத்துவமனைச் செவிலி. இரவெல்லாம் விழித்துப் பிறரை உறங்கவைத்துவிட்டு, விடிந்தபின் தான் உறங்க வருபவள். ஜன்னலோ கிழக்கு நோக்கியது; அதன் மேலே திரைக்கம்பிக்கென அடித்த இரண்டு கொக்கிகள் வெறுமனே காத்திருந்தன. அவள் தலை தலையணையைத் தொடும் தருணம் பார்த்துக் கதிரவன் அவள் இமைகளின்மேல் படையெடுப்பான். அவனைத் தடுக்க அங்கே நின்ற ஒரே அரண், துணிக்கிளிப்புகளால் கம்பிவலையில் கவ்விவிடப்பட்ட பழைய போர்வை. சற்றைக்கெல்லாம் ஒரு கிளிப் தெறிக்கும்; பிறகு அதன் தோழன் தெறிக்கும்; போர்வை மானமிழந்து தரையில் விழும். "திரை தொங்கவிட ஒரு கம்பி வாங்கிட்டு வாங்க" என்று அவள் கேட்டது போன கோடையில். "வர்ற வழியில வாங்கிடறேன்" என்று அவர் உரைத்ததும் அப்போதே. வழி வந்துகொண்டேயிருந்தது, கம்பிதான் வரவில்லை.

இந்நிலையில்தான் ஒருநாள் காலை, நீண்ட, மெல்லிய பெட்டி ஒன்று வாசலுக்கு வந்து சேர்ந்தது. தூக்கமின்றிச் சிவந்த கண்களோடு கதவைத் திறந்தவளின் முகம் மலர்ந்தது.

"அப்பாடா! கம்பி வந்திருச்சா?"

வீரர் பெட்டியை மெல்லத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"கம்பி இல்லம்மா... கோல்."

பெட்டி திறந்தது. நீலப் பட்டுமெத்தையில் இரு பாகமாய்த் துயின்றது அக்கோல்! திருகிப் பூட்டியதும் ஒன்றாகி எழுந்தது. அடிமுதல் முடிவரை அதன் எழிலைப் புகழ்வோம். அடியில் யானைத்தந்தத்தின் வெண்மை காட்டும், யானை அறியாத வெண்குமிழ். அதன்மேல் வியர்வை உறிஞ்சும் கருநூற்கட்டு. அதற்குமேல் அந்திவான் செம்மையும் தேன்நிறமும் தீநாக்குகளாய்க் கோத்துப் பதித்த மரவேலை. நடுவே வீரரின் பெயரின் முதலெழுத்து, வெள்ளிக்கம்பியில். அப்பால் நாணற்றட்டைபோல் மெலிந்து நீளும் மேப்பிள் மரத்தண்டு. அதன் கழுத்தில் பால்வெண் வளையம். வளையத்தின் உச்சியில், வீரத்தின் விதை குடியிருக்கும் சிறு தோல்முனை. வீரர் அதைக் கண்டு கண் பனித்தார். கண் பனித்ததால் கண்ணாடி பனித்தது. மென்துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். அதே கையோடு கோலையும் துடைத்தார். விதி சிரித்தது, அவர் காதில் விழவில்லை.

இல்லத்தரசி இரு கைகளையும் இடுப்பில் ஊன்றி ஆணை பிறப்பித்தாள்: "வர்ற ஞாயித்துக்கிழமை நானும் வரேன். இத வச்சு என் தம்பிய ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுக் காட்டுங்க. ஜெயிச்சா இது உங்க கோல், அப்புறம் நான் வாயே திறக்கல. தோத்தீங்கன்னா இது என் கம்பி. ஜன்னல்ல மாட்டிருவேன்."

கோலின் தலையெழுத்து இங்ஙனம் தராசில் ஏறியது. அன்றுமுதல் சாப்பாட்டு மேசை போர்க்களமாயிற்று, எலுமிச்சம்பழங்கள் பந்துகளாயின, ஒன்று குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் உருண்டோடி இன்றளவும் அங்கேயே தலைமறைவாய் வாழ்கிறது. ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் வீரர் கோலுக்கு நீராட்டு நடத்தினார். மூக்குக்கண்ணாடிக்குத் தெளிக்கும் அதே திரவம், அதே மென்துணி, அடிக்குமிழ் தொடங்கித் தோல்முனை வரை, முக்கியமாகத் தோல்முனை, தம் முகம் தெரியும் அளவுக்கு.

ஞாயிறு வந்தது. ஆட்டக்கூடத்துச் சுவரோரப் பிளாஸ்டிக் நாற்காலியில் இல்லத்தரசி, கைப்பை மடியிலும் கொட்டாவி வாயிலுமாய், நீதிதேவதையென வீற்றிருந்தாள். முரசு இல்லாக் குறையைக் கீழே டயர் கழற்றும் இரும்பொலி தீர்த்துவைத்தது. வீரர் பெட்டியைத் திறந்து, கோலைப் பூட்டி, விளக்கொளியில் ஒருமுறை சுழற்றிக் காட்டினார். யாராவது, "ஒரு தடவ பிடிச்சுப் பாக்கட்டுமா?" என்று கேட்பார்கள் என்று காத்தார். யாரும் கேட்கவில்லை. கூடத்துக்காரர் மட்டும், "நல்லா இருக்கு சார், பெயின்டா?" என்றார்.

கோடிட்ட பந்துகள் மச்சினன் படை. முழுநிறப் பந்துகள் வீரர் படை. தன் படை அனைத்தையும் குழியில் இறக்கியவன், கடைசியாகக் கறுப்புப் பந்தையும் இறக்கினால் வெற்றி. இவ்வளவே போர்நூல்.

மேசை விளிம்பில் நீலநிறச் சாக்பீஸ் கட்டி ஒன்று கிடந்தது. மச்சினன் தன் முறை வரும்போதெல்லாம் அதை எடுத்து, நுனியில் கறகறவென்று தேய்த்தான். நீலத்தூள் அவன் விரலெங்கும், சட்டையெங்கும், மூக்கிலும்கூடப் படிந்தது. வீரர் அதைப் பார்த்தே முகம் சுளித்தார். அந்தப் பால்வெண் வளையத்தின்மேல் இந்த நீலப்பொடியா? கட்டியை இருவிரலால் ஓரமாகத் தள்ளிவைத்தார். பிறர் தேய்த்த இடத்தில் அவர் துடைத்தார்.

ஆயினும் என்ன விந்தை! அன்று வீரர் நன்றாகவே ஆடினார். மலைச்சரிவில் பாறை உருண்டாற்போல் முதல் அடி. பந்துக்கூட்டம் சிதறி ஓடிற்று. மஞ்சள் வீழ்ந்தது. நீலம் வீழ்ந்தது. சிவப்பு இருமுறை தப்பி, மூன்றாம் முறை, தான் எண்ணாத குழியில் போய்த் தன்னையறியாமல் வீழ்ந்தது. கோல் சற்றே வழுக்குவதுபோல் இரண்டொருமுறை தோன்றியதை, புதுக்குதிரையின் துள்ளல் என்று மன்னித்தார். மச்சினனும் விடவில்லை; ஏட்டிக்குப் போட்டியாய் இருபடைகளும் அழிந்தன. முடிவில் களத்தில் எஞ்சியவை வெள்ளையும் கறுப்பும் மட்டுமே, முறை வீரருடையது, கறுப்போ மூலைக்குழியின் உதட்டருகே, போவதா நிற்பதா என்ற யோசனையில் நின்றது. வெள்ளை அதற்கு நேரெதிரே. கைக்குழந்தை ஊதினாலும் விழும்.

கூடம் அடங்கியது. கொட்டாவி பாதியில் நின்றது. வீரர் மென்துணியை எடுத்தார். திரவம் தெளித்தார். ஊழித்தீக்கு முந்தைய அமைதியென, தோல்முனையை வட்டமாக, மெதுவாக, அன்பாகத் துடைத்தார். குனிந்தார். இறங்கிய தோள் இறங்கிற்று; இறங்காத தோளும் இறங்கிற்று. கண்ணாடிக்குப் பின்னால் இருவிழிகள் ஒருவிழியாயின. இடியைத் தன் வயிற்றில் சுமந்த மேகம்போல் பின்னிழுத்த கோல், இதோ, அதோ, மின்னலென முன்பாய்ந்து...

கிறீச்.

பளிங்குத்தரையில் எண்ணெய்க்கால் வைத்தவன்போல் கோல்முனை பந்தின் கன்னத்தில் வழுக்கி, காற்றைக் குத்தி, துணியைக் கீறாமல் கீறி நின்றது. வெள்ளைப் பந்து நாணி ஒரு சாண் நகர்ந்து, மன்னிப்புக் கேட்பதுபோல் நின்றுகொண்டது.

மச்சினன் கோலை எடுத்துக் குனிந்தான். ஒருமுறை ஓங்கிப்பார்த்தான். அந்நேரம் பார்த்து, டயர் கடைப் பசை தன் கடமையிலிருந்து ஓய்வு பெற்றது. தோல்முனை கழன்று மேசையில் விழுந்து, ஒரு பொத்தானைப்போல் உருண்டது. கூடத்தின் ஏனைய கோல்கள் யாவும் அடுத்த மேசைக் கூட்டத்தின் கையில். கூடத்துக்காரர் தீர்ப்புரைத்தார்:

"கோல் இல்லன்னா முறை போச்சு தம்பி. சார் மறுபடி ஆடலாம்."

ஆகா! வீழ்ந்த அரசு எழுந்தது. கறுப்பு இன்னும் குழியின் உதட்டில்தான். கோல் வீட்டில் பட்டுமெத்தையில் துயிலும். ஜன்னலில் போர்வை தொங்கும். ஞாயிறுகள் இனி இனிக்கும். வீரர் ஒரு அடி முன்வைத்தார்.

அப்போது மச்சினன், வெறும் ஆவலால், வேறு கள்ளமின்றி, ஒன்று கேட்டான்.

"மாமா, அந்த ஸ்டிக்க நான் ஒரு தடவ பிடிச்சுப் பாக்கட்டா?"

பெட்டி வந்த நாள்முதல் வீரர் காத்திருந்த சொற்கள் அல்லவா அவை! கடையில் எத்தனை வாடிக்கையாளரிடம் படம் காட்டினார்! எத்தனை பேர் "ம்" என்றனர்! எதிரியின் கணைகளுக்கு அசையாத மார்பு இந்த ஒரு கேள்வியில் உருகி ஓடிற்று. மேலும், மழையில் வழுக்கி விழுந்த அன்று அவரைத் தூக்கிக்கொண்டு ஓடியவனும், கடை ஷட்டர் சிக்கும்போதெல்லாம் தோள்கொடுத்துத் தூக்குபவனும் இவன்தான் என்பது ஏனோ அந்நேரம் பார்த்து நினைவில் வந்து நின்றது.

"பிடிச்சு மட்டும் என்னடா பாக்கறது? ஆடியே பாரு மாப்ள."

இல்லத்தரசி நாற்காலியில் நிமிர்ந்தாள். "ஏங்க! உங்க முறைங்க அது!"

சொல்லிவிட்ட சொல் சொல்லிவிட்டதுதான். மச்சினன் கோலை வாங்கி, எடைபார்த்து, முனையைக் கண்ணருகே கொண்டுபோய்த் திகைத்தான்.

"என்ன மாமா இது, முகம் தெரியுது? சாக்பீஸே போடலியா? சாக்பீஸ் போட்டாத்தானே பந்த கவ்வும்?"

"அழுக்காயிடும்ல," என்றார் வீரர், சிறிய குரலில்.

அடுத்த மேசையில் ஆடியவர்களும் ஆட்டத்தை நிறுத்திச் சிரித்தார்கள். மச்சினன் நீலக்கட்டியை எடுத்துக் கறகறவென்று தேய்த்தான். பால்வெண் வளையமெங்கும் நீலம். ஒவ்வொரு தேய்ப்பும் வீரரின் ஈரலில் விழுந்தது. பிறகு அவன் குனிந்து தட்டினான். வெள்ளை மிதந்து சென்று கறுப்பின் நெற்றியில் முத்தமிட்டது. கறுப்பு பெருமூச்சுவிட்டுக் குழிக்குள் இறங்கியது.

"மாமா, செம ஸ்டிக்கு! தானாவே ஓடுது!"

தோல்வியின் அடியாழத்தில் கிடந்த வீரரின் முகத்தில், யாருடைய அனுமதியும் கேளாமல், ஒரு பெருமிதம் பூத்தது. விலையுயர்ந்த கோல் ஆட்டத்தை உயர்த்தும் என்று அவர் சாதித்ததெல்லாம் உண்மையாகிவிட்டது. யார் ஆட்டத்தை என்று மட்டும் அவர் முன்னமே யோசித்திருக்கலாம். படி இறங்கும்போது வாதாடியும் பார்த்தார்.

"இந்தக் கோல் ஜெயிச்சா வீட்ல இருக்கட்டும்னுதானே பேச்சு? ஜெயிச்சது இந்தக் கோல்தானே?"

"ஜெயிச்சது என் தம்பி. காலையில நான் வந்து படுக்கறதுக்குள்ள மாட்டிருங்க," என்றாள் நீதிதேவதை, இன்னொரு கொட்டாவிக்கு நடுவே. அவள் கண்களுக்கடியில் படிந்திருந்த கருமையை, நாளெல்லாம் பிறர் கண்களையே பார்ப்பவர், அந்தப் படிக்கட்டு வெளிச்சத்தில்தான் சரியாகப் பார்த்தார்.

மறுநாள் புலர்ந்தது. இருட்படை புறங்காட்டி ஓட, செங்கதிர்ச் செல்வன் தன் பொற்கணைகளை எல்லாம் அந்தக் கிழக்கு ஜன்னலைக் குறிபார்த்துத் தொடுத்து நிற்க, போர்வை முதற்கிளிப்பை இழந்து தள்ளாட, வெள்ளி எழுத்துப் பொறித்த அந்தத் தீநாக்குக் கோலை, கடைசி முறையாகத் துடைத்து, நீலம் மட்டும் போகாத அதன் கழுத்தைத் தடவி, நாட்டைத் துறக்கும் மன்னன் செங்கோலை நீட்டுவதுபோல் இரு கரங்களாலும் ஏந்தி, முக்காலிமேல் ஏறி, மூச்சடக்கி, வீரர் அதை ஜன்னலுக்கு மேலே இரண்டு கொக்கிகளுக்கும் நேராக உயர்த்திப் பிடித்தார்.

கொக்கிக்குக் கொக்கி எட்டக் கோல் ஒரு சாண் குறைவாக இருந்ததால், சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் ஒரு திரைக்கம்பி வாங்கி வந்தார்.